டாக்டர் ‘காது பிரச்சினை’ என்று மட்டும் எழுதினால் கோடர் என்ன செய்வது?

கேள்வி: அக்கா, பி.எஸ்சி. நுண்ணுயிரியல் முடித்துவிட்டு சென்னையில் மெடிக்கல் கோடிங் (டாக்டர் எழுதியதை இன்ஷூரன்ஸுக்கான கோடுகளாக மாற்றும்) வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. அமெரிக்க அர்ஜென்ட் கேர் சார்ட்டுகளும் இஎன்டி சார்ட்டுகளும் பார்க்கிறேன். போன வாரம் ஒரு சார்ட்டில் டாக்டர் அசெஸ்மென்ட்டில் (நோய் இன்னதென்று முடிவு எழுதும் இடம்) ‘இயர் பிராப்ளம்’ என்று இரண்டே வார்த்தை எழுதியிருந்தார். நான் எச்93.90 போட்டேன். ஆடிட்டர் எரர் போட்டுவிட்டார். எச்60.332 வந்திருக்க வேண்டும், அன்ஸ்பெசிஃபைடு (குறிப்பிடப்படாதது என்ற) கோடு போடவே கூடாது என்கிறார். டிஎல்லை (டீம் லீடர்) கேட்டால், ‘டாக்டர் எழுதாததை நாம் எழுத முடியாது, ரிபட்டல் போடு’ என்கிறார். இந்த ஒரு எரரால் என் குவாலிட்டி 95-க்குக் கீழே போய்விட்டது. யார் சொல்வது சரி?
- வாசகி, சென்னை

பதில்: வணக்கம் மா. முதலில் ஒரு விஷயத்துக்குப் பாராட்டு. சார்ட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பாமல், பேர், ஊர், தேதி எதுவும் இல்லாமல் நினைவிலிருந்து எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். நோயாளி விவரத்தைப் பாதுகாக்கும் அமெரிக்கச் சட்டமான ஹிப்பா பற்றிய டிரெய்னிங் முடித்த கையோடு வாட்ஸ்அப் குரூப்பில் சார்ட்டைப் போட்டு ‘இதுக்கு என்ன கோடு?’ என்று கேட்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆடிட்டர் சொன்னது தப்பு, நீங்கள் போட்டதும் தப்பு. டிஎல் சொன்னது சரிதான், ஆனால் அவர் பாதியில் நிறுத்திவிட்டார், எரரை எதிர்த்து ரிபட்டல் போடச் சொன்னவர் எந்தக் கோடுக்காக ரிபட்டல் போடுவது என்று சொல்லவில்லை.

நீங்கள் எழுதியதிலிருந்து அந்த சார்ட் இப்படி: நோயாளியை முதலில் பார்க்கும் ட்ரையாஜ் நர்ஸ் ‘இடது காது, மூன்று நாளாக’ என்று குறித்திருக்கிறார். டாக்டர் எழுதிய ஹெச்பிஐயில் (நோயாளியின் இப்போதைய தொந்தரவு பற்றிய குறிப்பு) காதுவலி, அடைத்த மாதிரி இருக்கிறது, தினமும் நீச்சல் குளத்துக்குப் போகிறவர். பரிசோதனையில் காதுக்குழாய் சிவந்திருக்கிறது, செவிப்பறையில் ஓட்டை இல்லை, ஆனால் எந்தப் பக்கம் என்று இல்லை. அசெஸ்மென்ட் ‘இயர் பிராப்ளம்’. பிளானில் சிப்ரோஃப்ளாக்சசினும் டெக்சாமெத்தசோனும் சேர்ந்த சொட்டு மருந்து, ஒரு வாரத்துக்குக் காதில் தண்ணீர் படக்கூடாது.

இதைப் படித்தால் யாருக்கும் என்ன தோன்றும்? நீச்சல்காரர்களுக்கு வரும் வெளிக்காது அழற்சி, அதாவது ஸ்விம்மர்ஸ் இயர். உங்கள் ஆடிட்டருக்கும் அதுதான் தோன்றியிருக்கிறது, இடது பக்கத்துக்கான எச்60.332-ஐ எடுத்துப் போட்டுவிட்டார். அவர் டாக்டராக இருந்திருந்தால் நல்ல டயக்னோசிஸ். ஆனால் அவர் ஆடிட்டர். நீச்சல், சிவந்த குழாய், சொட்டு மருந்து மூன்றையும் கூட்டி ஒரு நோயின் பெயரை நாமே வைப்பது கோடரின் வேலை இல்லை. அந்த வரியை எழுத வேண்டியவர் எழுதவில்லை, அவ்வளவுதான். மருந்தைப் பார்த்து நோயை எழுதாதே என்று கோடிங் கிளாஸில் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பார்கள், ஆனால் வேலைக்கு வந்து நாலைந்து வருடம் ஆனதும், நோயெல்லாம் நமக்கே தெரிகிறது என்ற தைரியத்தில், முதலில் மறப்பதும் அதைத்தான்.

இப்போது உங்கள் கோடு. எச்93.90 என்றால் என்ன அர்த்தம் என்று நிதானமாகப் படித்துப் பாருங்கள்: குறிப்பிடப்படாத காதின் குறிப்பிடப்படாத கோளாறு. இதில் இரண்டு ‘குறிப்பிடப்படாத’ இருக்கிறது. ஒன்று நோயைப் பற்றியது, இன்னொன்று பக்கத்தைப் பற்றியது. இரண்டும் தனித்தனிக் கேள்வி, தனித்தனியாகத்தான் பதில் தேட வேண்டும். அசெஸ்மென்ட்டில் இரண்டு வார்த்தைதானே இருக்கிறது என்று இண்டெக்ஸில் ‘டிஸார்டர், இயர்’ தேடி, கடைசி எழுத்துக்குப் பூஜ்யம் போட்டு மூடிவிட்டீர்கள்.

பக்கத்தை முதலில் முடித்துவிடலாம், அது சுலபம். நர்ஸ் ‘இடது’ என்று எழுதியிருக்கிறார். ‘டாக்டர்தானே எழுத வேண்டும், நர்ஸ் எழுதியதை எடுக்கலாமா?’ என்று கேட்பீர்கள். எடுக்கலாம். நாம் போடும் நோய்க் கோடுகளின் தொகுப்பான ஐசிடி-10-சிஎம்மின் அதிகாரபூர்வ வழிகாட்டுதலில், பொதுவான விதிகள் இருக்கும் முதல் பிரிவில், பக்கம் பற்றிய பத்தியைத் திறந்து பாருங்கள். டாக்டர் பக்கத்தைக் குறிப்பிடவில்லை என்றால், மற்ற மருத்துவப் பணியாளர்கள் ரெக்கார்டில் எழுதியதை வைத்துப் பக்கத்தைப் போடலாம் என்று அங்கே இருக்கிறது. ரெக்கார்டுக்குள்ளேயே ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்க வேண்டும். ‘பக்கம் குறிப்பிடப்படாதது’ என்ற கோடு அபூர்வமாகத்தான் வர வேண்டும், அதுவும் ரெக்கார்டில் எங்கேயும் கிடைக்காமல், கேட்டுத் தெளிவுபடுத்தவும் வழியில்லாதபோது. இந்த வரி நான் வேலைக்குச் சேர்ந்தபோது கிடையாது, பிற்பாடு சேர்த்தது. அதனால்தான் பழைய ஆட்கள் சிலர் இன்னமும் ‘நர்ஸ் நோட்டைத் தொடாதே’ என்று விரட்டுகிறார்கள். நோயின் பெயருக்கு அவர்கள் சொல்வது சரி, நர்ஸ் எழுதியதை வைத்து டயக்னோசிஸ் போடக்கூடாதுதான். பக்கத்துக்குப் போடலாம்.

அடுத்தது நோய். என்னிடம் வரும் எச்93.90 எரர்களில் பெரும்பாலானவை இங்கேதான் சறுக்கியிருக்கும். அசெஸ்மென்ட்டில் ஒன்றும் இல்லை என்றதும், சார்ட்டிலேயே ஒன்றும் இல்லை என்று முடிவு செய்துவிடுகிறோம். ஆனால் டாக்டரே தன் ஹெச்பிஐயில் காதுவலி என்று எழுதியிருக்கிறார் பாருங்கள். வலிக்குத் தனிக் கோடு இருக்கிறது, எச்92.0 வரிசை. இடது காது என்றால் எச்92.02. உங்கள் சார்ட்டுக்கு நான் போட்டிருக்கும் கோடு இதுதான்.

‘அன்ஸ்பெசிஃபைடு நோய் பெரிதா, அறிகுறி பெரிதா?’ என்று ஆடிட்டர் மல்லுக்கு நிற்கக்கூடும். வழிகாட்டுதலின் அதே முதல் பிரிவில், அறிகுறிக் கோடுகளையும் குறிப்பிடப்படாத கோடுகளையும் எப்போது போடலாம் என்று தனியாக ஒரு பத்தி இருக்கிறது, பிரிண்ட் எடுத்து டெஸ்க்கில் ஒட்டிக்கொள்ளலாம், அவ்வளவு உபயோகம். விசிட் முடியும்போது நோய் இன்னதென்று உறுதியாகவில்லை என்றால், நோய்க்குப் பதிலாக அறிகுறியின் கோடைப் போடலாம். நோய் உறுதியாகிவிட்டது, ஆனால் அதில் என்ன வகை என்று தெரியவில்லை என்றால், அன்ஸ்பெசிஃபைடு கோடு. அதற்கு அங்கே தந்திருக்கும் உதாரணம் நிமோனியா: நிமோனியாதான் என்று தெரிந்துவிட்டது, எந்த வகை என்று தெரியவில்லை. உங்கள் சார்ட்டில் ‘இயர் பிராப்ளம்’ என்பது உறுதியான நோயே இல்லை. ஆக, அறிகுறிதான் நிற்கும்.

அதே பத்தியில் இன்னொரு வாக்கியமும் இருக்கிறது, உங்கள் ரிபட்டலுக்கு அதுதான் உயிர். ரெக்கார்டு ஆதரிக்காத ஒரு குறிப்பான கோடைத் தேர்ந்தெடுப்பது முறையல்ல என்று நேரடியாகவே சொல்லியிருக்கிறார்கள். இது யாரோ ஒரு டிரெய்னரின் கருத்து இல்லை. இந்த வழிகாட்டுதலை அமெரிக்க மருத்துவமனைச் சங்கமான ஏஎச்ஏ, மருத்துவத் தகவல் நிர்வாகத்தினரின் சங்கமான அஹிமா, அமெரிக்க அரசு அமைப்புகளான சிஎம்எஸ், என்சிஎச்எஸ் என்று நாலு அமைப்புகள் சேர்ந்து அங்கீகரிக்கின்றன, ஹிப்பா சட்டப்படி பின்பற்றியே தீர வேண்டும். எச்60.332 அங்கே அடிபட்டுப் போகிறது.

அப்போது எச்93.9 வரிசை எதற்குத்தான் இருக்கிறது? டாக்டர் ‘காதில் ஏதோ கோளாறு, இஎன்டிக்கு அனுப்புகிறேன்’ என்று எழுதி, வலி, சீழ், இரைச்சல், காது மந்தம் எதையுமே எங்கேயும் குறிப்பிடாத சார்ட்டுக்குத்தான். அப்படியும் சார்ட் வரும். அப்போது தயங்காமல் போடலாம், ஆனால் வலதுக்கு எச்93.91, இடதுக்கு எச்93.92, இரண்டு பக்கமும் என்றால் எச்93.93. என் அனுபவத்தில் அந்த 0 நியாயமாக வந்து பார்த்த சார்ட்டுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஹெச்பிஐயில் ‘அடைத்த மாதிரி’ என்றும் இருக்கிறதே, அதற்கு? அதற்கென்று நேராக ஒரு கோடு இல்லை. இங்கேதான் ‘அதர் ஸ்பெசிஃபைடு’ வருகிறது, எச்93.8எக்ஸ் வரிசை, இடதுக்கு எச்93.8எக்ஸ்2. டாக்டர் குறிப்பாகச் சொல்லிவிட்டார், புத்தகத்தில்தான் இடம் இல்லை என்றால் அதர் ஸ்பெசிஃபைடு. புத்தகத்தில் இடம் இருக்கிறது, டாக்டர்தான் சொல்லவில்லை என்றால் அன்ஸ்பெசிஃபைடு. புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். எங்கள் டீமில் காது அடைப்பை இரண்டாவது கோடாகச் சேர்ப்போம், சில கிளையன்ட் வேண்டாம் என்பார்கள். உங்கள் கிளையன்ட் ஸ்பெசிஃபிக் கைட்லைனைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காது அத்தியாயத்தில் இன்னொரு பொறி இருக்கிறது, இதில் நானே விழுந்திருக்கிறேன். ‘பக்கம் தெரியவில்லை’ என்பதற்கு எல்லா வரிசையிலும் ஒரே எண் கிடையாது. எச்93.90, எச்91.90, எச்66.90, எச்61.20, எச்92.10 எல்லாம் பூஜ்யத்தில் முடியும். ஆனால் வலிக்கு எச்92.09, காது இரைச்சலுக்கு எச்93.19, அடைப்புக்கு எச்93.8எக்ஸ்9 என்று ஒன்பதில் முடியும். பழக்க தோஷத்தில் எச்92.00 என்று அடித்தால் அப்படி ஒரு கோடே இல்லை, சாஃப்ட்வேர் கத்தும். அது கத்தாத இடத்தில்தான் மாட்டுவோம்.

நான் மாட்டிய கதையையும் சொல்லிவிடுகிறேன். ஐசிடி-9 காலத்தில் காதுக்குப் பக்கமே கிடையாது, காதுவலி என்றால் 388.70, எந்தக் காதாக இருந்தால் என்ன. 2015 அக்டோபர் 1 முதல் ஐசிடி-10 வந்து, வலதா இடதா என்று திடீரென்று கேட்க ஆரம்பித்தது. கை பழைய வேகத்தில் ஓடுகிறது, புரொடக்‌ஷன் டார்கெட் தலைக்கு மேல் நிற்கிறது. காதுக் குறும்பி எடுத்த சார்ட் ஒன்றில் பக்கம் எழுதவில்லை. போன மாத விசிட்டைத் திறந்து பார்த்தேன், வலது என்று இருந்தது, எச்61.21 என்று போட்டு அனுப்பிவிட்டேன். அந்த ஆளுக்கு இந்த முறை இடது காது. கிளையன்ட் பக்கத்திலிருந்து அது திரும்பி வந்தபோது டீம் மீட்டிங்கில் பெரிய திரையில் போட்டுக் காட்டினார்கள். எனக்குக் காதே சிவந்துவிட்டது, இரண்டு பக்கமும். ஒவ்வொரு விசிட்டும் தன் காலில் நிற்க வேண்டும், போன விசிட்டிலிருந்து கடன் வாங்கக்கூடாது. நர்ஸ் நோட்டை எடுக்கலாம் என்று மேலே சொன்னதும் அதே விசிட்டின் நர்ஸ் நோட்டைத்தான்.

உங்கள் ஆடிட்டரின் ‘போடவே கூடாது’ எங்கிருந்து வந்திருக்கும் என்றும் எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது. ஐசிடி-10 வந்த முதல் வருடம், கோடு சரியான குடும்பத்தில் இருந்தால் போதும், போதுமான அளவு குறிப்பாக இல்லை என்ற ஒரே காரணத்துக்காக டாக்டர்களின் கிளெய்மைத் தள்ள மாட்டோம் என்று அமெரிக்க அரசின் காப்பீடான மெடிகேர் சலுகை கொடுத்தது. 2016 அக்டோபர் 1-ல் அந்தச் சலுகை முடிந்தது. அப்போது எல்லா நிறுவனத்திலும் ‘இனிமேல் அன்ஸ்பெசிஃபைடு வேண்டாம்’ என்று ஒரே பாட்டாகப் பாடினார்கள். ‘சார்ட்டில் இருக்கும்போது அன்ஸ்பெசிஃபைடு வேண்டாம்’ என்று சொல்லியிருக்க வேண்டும். முதல் இரண்டு வார்த்தை உதிர்ந்துபோய் மிச்சம் மட்டும் விதியாகிவிட்டது.

அவருடைய பயத்தில் நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். குறும்பியை எடுத்துக்கொள்ளுங்கள். காதில் இறுகிப்போன குறும்பியைக் கருவி வைத்து எடுத்தால் சிபிடி (டாக்டர் செய்த சிகிச்சைக்கான கோடு) 69210, தண்ணீர் பீய்ச்சி எடுத்தால் 69209. ஒரே காதுக்கு ஒரே விசிட்டில் இரண்டையும் சேர்த்துப் போட முடியாது. இந்த 69210-க்குப் பக்கத்தில் எச்93.90 போய் உட்கார்ந்தால் இன்ஷூரன்ஸ்காரன் ஏன் பணம் கொடுக்கப் போகிறான்? அவன் எதிர்பார்ப்பது எச்61.2 வரிசை. டினையல்தான் வரும். நோட்டில் ‘குறும்பி இருந்தது, சுத்தம் செய்தேன்’ என்று மட்டும் இருந்து, இறுகியிருந்தது என்றோ எதை வைத்து எடுத்தார் என்றோ இல்லை என்றால், 69210-க்கே ஆதாரம் இல்லை. அதையும் நாமாகப் பூர்த்தி செய்யக்கூடாது.

சுருக்கெழுத்தில் ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் உங்கள் அனுபவம் எட்டு மாதம்தான். இஎன்டி சார்ட்டில் ஏடி என்றால் வலது காது, ஏஎஸ் என்றால் இடது காது, ஏயூ என்றால் இரண்டும். கண்ணுக்கு ஓடி, ஓஎஸ், ஓயூ என்று எழுதுவார்கள், ஒரு எழுத்துதான் வித்தியாசம். பாதுகாப்பான மருந்துப் பயன்பாட்டுக்காக வேலை செய்யும் ஐஎஸ்எம்பி என்ற அமெரிக்க அமைப்பு, தப்பு நேரக்கூடிய சுருக்கெழுத்துகளின் பட்டியலில் இவற்றையும் வைத்திருக்கிறது, ஆனாலும் டாக்டர்கள் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். என் டீமில் ஒரு தம்பி, கார்டியாலஜியிலிருந்து மாறி வந்த புதிதில், ‘ஏஎஸ்: பெயின்’ என்று இருந்ததைப் பார்த்து அயோர்ட்டிக் ஸ்டெனோசிஸ் என்று ஐ35.0 போட்டுவிட்டார். காதுவலிக்கு வந்த மனுஷனுக்கு இதய வால்வு சுருக்கம். நல்லவேளை, கிளெய்ம் போவதற்கு முன்னால் பிடித்துவிட்டோம்.

அப்புறம் கொயரி. ‘டாக்டரிடமே கேட்டுவிட்டால் என்ன?’ என்று நினைத்திருப்பீர்கள். கேட்கலாம், கிளையன்ட் அனுமதித்தால். அவுட்பேஷன்ட் சின்ன விசிட்டுகளுக்கு கொயரி வேண்டாம், இருப்பதை வைத்துக் கோடு பண்ணுங்கள் என்று சொல்லும் கிளையன்ட்தான் அதிகம். அனுமதித்தால் எப்படிக் கேட்கிறோம் என்பது முக்கியம். ‘டாக்டர், இது ஸ்விம்மர்ஸ் இயர்தானே?’ என்று கேட்டால் பதிலை நாமே வாயில் ஊட்டுகிறோம். அஹிமாவும், மருத்துவப் பதிவுகளைச் சீராக்குவோரின் சங்கமான ஆக்டிஸும் சேர்ந்து வெளியிட்ட கொயரி வழிகாட்டுதல் இதைத்தான் கூடாது என்கிறது, பணம் எவ்வளவு வரும் என்ற பேச்சும் கொயரியில் இருக்கக்கூடாது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: ‘இந்த விசிட்டில் காதுவலி, காதுக்குழாய் சிவப்பு, இன்ன சொட்டு மருந்து என்று பதிவாகியிருக்கிறது. அசெஸ்மென்ட்டில் காது பிரச்சினை என்று உள்ளது. நீங்கள் சிகிச்சை அளித்த நிலையை, பக்கத்துடன், தெளிவுபடுத்த முடியுமா?’ அதன் கீழே பொருத்தமான சில தேர்வுகள், கூடவே ‘வேறு’ என்றும் ‘இப்போது உறுதியாகச் சொல்ல இயலாது’ என்றும் இரண்டு. பதிலில் அவர் இடது ஸ்விம்மர்ஸ் இயர் என்று எழுதித் திருத்தம் சேர்த்தால் சந்தோஷமாக எச்60.332 போடுங்கள், அப்போது வலிக்குத் தனிக் கோடு வேண்டாம், அது நோய்க்குள் அடக்கம். ‘ஸ்விம்மர்ஸ் இயராக இருக்கலாம்’ என்று எழுதினால் போட முடியாது. அவுட்பேஷன்ட்டில் ‘இருக்கலாம்’, ‘சந்தேகம்’ என்று எழுதிய நோய்க்குக் கோடு இல்லை, திரும்பவும் வலிக்குத்தான் வர வேண்டும். நாளை இன்பேஷன்ட் பக்கம் மாறினீர்கள் என்றால் அங்கே இது தலைகீழ், டிஸ்சார்ஜ் சமயத்தில் அப்படி எழுதியிருந்தால் நோய் இருப்பதாகவே கோடு பண்ணுவார்கள். இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

இனி உங்கள் ரிபட்டல். ‘நான் போட்டது சரி’ என்று போடாதீர்கள், தோற்றுவிடுவீர்கள். எச்93.90 சரியில்லை என்பதை நீங்களே முதல் வரியில் ஒப்புக்கொள்ளுங்கள். அடுத்து, ஆடிட்டர் தந்த எச்60.332-க்கு டாக்டரின் டயக்னோசிஸ் எங்கேயும் இல்லை என்று, மேலே சொன்ன பத்தியின் எண்ணைப் போட்டு எழுதுங்கள். பிறகு, ஹெச்பிஐயில் வலி, ட்ரையாஜில் இடது, ஆகவே எச்92.02 என்று முடியுங்கள். ஆறேழு வரி போதும். ஆடிட்டரைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம், அவரோடுதான் நாளைக்கும் கேண்டீனில் டீ குடிக்க வேண்டும்.

இதனால் உங்கள் எரர் முழுசாகப் போய்விடும் என்று நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் உங்கள் கோடும் தப்புதான், அந்தப் புள்ளி திரும்பாமல் போகலாம். ஆனால் எச்60.332 சரியான விடை என்று எரர் லாக்கில் நின்றுவிட்டால், அடுத்த மாதம் டீமில் எல்லோரும் நீச்சல் என்ற வார்த்தையைப் பார்த்ததும் அதையே போட ஆரம்பிப்பார்கள். ரிபட்டலுக்கு உங்கள் இடத்தில் எத்தனை நாள் அவகாசம் என்று எழுதவில்லையே, பல இடங்களில் இரண்டு நாள்தான். இதைப் படித்ததும் டிஎல்லிடம் அதைத்தான் முதலில் கேளுங்கள்.